வேனில் தூங்கியதாக நான் சொன்ன செல்வி அக்கா

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். இந்த ஸ்டேட்டஸ் தெரியும் என் லிஸ்ட்டில் இருக்கும் பதினான்கு பேரும் நம் ஸ்கூல் வேனில் வருகிறவர்கள்தான், அதனால்தான் எழுதுகிறேன். மிஸ்ஸுக்கோ எங்கள் வீட்டுக்கோ தெரிந்தால் நான் தொலைந்தேன்.

செல்வி அக்கா இறந்துவிட்டார்.

சாயங்காலம் என்னை இறக்கிவிடும்போது டிரைவர் முனிராஜ் அண்ணன் சொன்னார். "ரோஜாப் பண்ணைக்கு ஆள் ஏத்திக்கினு போன டெம்போ தளி ரோட்டுல கவுந்துடுச்சு பாப்பா. நம்ம செல்வியும் அதுலதான் இருந்துச்சு."

"அப்படியாண்ணா" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும்... சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவது அக்காவின் வேலை. மழைநாளில் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடும் இடத்தில் வேன் இறங்கினால், அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கை வயிற்றின் மேல்.

"அக்காவுக்கு டவர் போச்சுடா" என்று முதலில் சொன்னது நான்தான். வேனே சிரித்தது. கொஞ்சம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து, "வந்துடுச்சு, ஃபுல் சிக்னல்" என்றார்.

ஒருநாள் கடைசி ஸ்டாப்வரை நான் மட்டும் இருந்தேன். ஏன் அப்படி உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். அக்காவின் வீடு நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் இருந்ததாம். சுனாமியில் வீடும் போய், மூன்று வயது மகளும் போய்விட்டாள்.

"தண்ணி சத்தம் கேட்டா நான் அங்கயே போயிடுறேன் பாப்பா. கேம்ப்ல ஒரு டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க. மூச்சு உள்ள போறத, வெளிய வர்றத மட்டும் பாரு, கால் தரையில இருக்கான்னு பாருன்னு. பத்து மூச்சுல வேனுக்கு வந்துடுவேன்."

"வரலைன்னா?"

"இன்னொரு பத்து. யார்ட்டயும் சொல்லிடாத, வேலைக்கு வச்சிக்க மாட்டாங்க."

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய அன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. தண்ணீரைத் தாண்டியதும் எட்டாம் வகுப்புப் பையன்களின் ஸ்டாப்பில் வேன் நின்றது. அக்கா கண்ணை மூடியிருந்தார். அந்த நேரத்தில் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வேன் லீடரான நான்.

நான் மேத்ஸ் ஹோம்வொர்க் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே கதவைத் திறந்துவிட்டு "இறங்கு, இறங்கு" என்றேன். பையன்களோடு எல்கேஜி தனுவும் இறங்கிவிட்டாள். அது அவள் ஸ்டாப் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பேக்கரி வாசலில் நனைந்துபோய்க் கிடைத்தாள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் ரூமில் மிஸ் கேட்டார். "செல்வி தூங்கிட்டாங்களா?"

அக்கா பக்கத்தில்தான் நின்றார்.

"ஆமா மிஸ்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "டெய்லி தூங்குவாங்க மிஸ்" என்றும் சொன்னேன்.

அக்கா மறுத்துப் பேசவில்லை. காரணத்தைச் சொன்னாலும் வேலை போகும் என்று தெரிந்திருக்கும். வெளியே வந்ததும் என்னிடம், "தனுவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே பாப்பா?" என்று கேட்டார்.

வேன் வேலை போனதற்கப்புறம்தான் ரோஜாப் பண்ணை. அந்த டெம்போ.

போன மாதம் சிக்னலில் டெம்போவில் நின்றபடி எனக்குக் கை காட்டினார். நான் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். டெம்போ போகும்வரை நிமிரவில்லை.

நாளைக்கு ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். நம் ஸ்கூலிலிருந்து முனிராஜ் அண்ணன் மட்டும் போகிறார்.

போய் வாருங்கள் அக்கா. தனுவை இறக்கிவிட்டது நான். மிஸ்ஸிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா