படகு கட்ட இடமுள்ள பப்புகள்

குடிக்காத மனிதருக்கு, எந்தப் பப்பில் படகு கட்ட இடம் இருக்கிறது என்ற விவரம் எதற்கு? எழுபதுகளின் நடுவில், சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டின் குசினியில் நின்றபடி ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. என் கணவரிடமும் கேட்டிருக்கிறேன். அவரும் பதில் சொல்வார். அவர் அதைச் சொல்லும் விதம்தான் எனக்குப் பிடிக்காது. சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். ஊரில் பால்காரன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் உடனே பாலைத்தான் பார்ப்பேன்.

குடி விஷயத்தில் என் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. பொழுது சாய்ந்தால் அம்மா வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருப்பார், அவர் நடந்து வருகிறாரா, யாராவது தூக்கி வருகிறார்களா என்று. அதனால் எனக்குக் கலியாணம் பேசியபோது, சாதகத்தை மற்றவர்கள் பார்க்கட்டும், எனக்கு ஒரேயொரு சத்தியம் போதும் என்றேன். ஒரு சொட்டும் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த பிளேனில் ஊருக்குப் போய்விடுவேன் என்று சிட்னிக்கு வந்த பிறகும் அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தார். வேலை நல்ல வேலை. ஆனால் அங்கே அவரோடு பேச ஆளில்லை. காலையில் ஒரு ‘குட் மோர்னிங்’, மாலையில் ஒரு ‘சீ யூ’, அத்தோடு சரி. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகப் பூங்காவில் மரத்தடி வாங்குப் பலகையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சட்டைப் பையில் கிடந்த காய்ந்த இலைகளைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து மேசைக்காரன் பேசினானாம். நெடுத்த, சிவந்த முகமுள்ள வெள்ளைக்காரன். அவனிடம் எஞ்சின் பூட்டிய சின்னப் படகு ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் ஆற்றோடும் குடாவோடும் போய், படகைக் கட்டிவிட்டு ஏறக்கூடிய பப்புகளைத் தேடிப் பிடிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. நீயும் வாயேன் என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறான். வேலை கிடைத்த நாளில்கூட அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் காணவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கேட்டுவிட்டேன்.

“அவ்வளவு பேர் இருக்க, ஏன் உங்களைக் கேட்டவன்?”

“என்னைப் பிடிச்சிருக்குப் போலை,” என்றார்.

பிறகு சனிக்கிழமைதோறும் எனக்குப் பாடம் நடந்தது. ஒரு பப்புக்குச் சொந்த மரத்துறை இருக்கிறது, கட்டிவிட்டு நேரே நடந்து ஏறலாம். இன்னொன்றில் ஆற்று நடுவில் ஒரு மிதவை மட்டும்தான், அதில் கட்டிவிட்டு எப்படிக் கரைக்கு வருவது என்று யாரும் யோசிக்கவில்லை. வேறொன்றில் கல்லணையில் ஓர் இரும்பு வளையமும் பாசி வழுக்கும் படிகளும். அங்கே தண்ணீர் ஏறியிருக்கும் பெருக்கு நேரத்தில் கயிற்றை நீளம் விடாமல் கட்டையாகக் கட்டினால், தண்ணீர் வற்றும்போது படகு சுவரில் தொங்கும். இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே கைகளை ஆட்டிச் சொல்வார்.

“அது சரி. அங்கை போய் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“கதைக்கிறது.”

“மத்தியானம் துவங்கிப் பொழுதுபடும் வரைக்குமோ?”

“அவங்கள் அப்பிடித்தான் கதைப்பாங்கள்.”

இந்தக் கதையை நம்ப நான் என்ன காதில் பூ வைத்தவளா? அவர் உள்ளே வந்ததும் சட்டையை வாங்குகிற சாட்டில் பக்கத்தில் போய் மணந்து பார்ப்பேன். சட்டை முழுக்கப் பியர் மணக்கும். விரல்நுனி மணக்கும். வாய் மட்டும் மணக்காது. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஏலக்காயை மென்றுவிட்டு வருகிறாரோ என்று ஏலக்காய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பல் தீட்டும் பிரஷை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோகிறாரோ என்று அதையும் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒருநாள் பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஓர் அன்ரி, “உம்மடை அவரை ஆத்தங்கரைப் பக்கம் ஒரு பப்புக்கை கண்டதெண்டு கதைக்கினம், பிள்ளை,” என்று மெல்லச் சொல்லிவிட்டு அப்பால் போனார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

“வாற சனிக்கிழமை நானும் வாறன்.”

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. கள்ளன் பிடிபட்டான் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நண்பனும் தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தான், எனக்குத் துணையாக இருக்கட்டுமென்று. நல்ல துணை! படகில் எனக்கு எதிரே உட்கார்ந்து, சிகரெட் புகைக்குள்ளால் என் சேலையையும் மிதியடியையும் மடியிலிருந்த, நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் நிறம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படகை ஓட்டியது என் கணவர். அது எனக்குப் புதுச் செய்தி.

ஆறு வளையும் இடத்தில் அந்தப் பப் இருந்தது. மரத்துறையில் என் கணவர் கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டினார். ஆண்கள் இருவரும் பெரிய பாருக்குள் போனார்கள். அங்கே பெண்களுக்கு இடமில்லை. எங்களுக்குப் பக்கத்தில் கம்பளம் விரித்த ஒரு லவுஞ்ச். இரண்டுக்கும் நடுவே கிளாஸ்களை நீட்ட ஒரு சிறிய யன்னல். நான் யன்னலுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டேன். அவளும் தன் கதிரையை அங்கேயே இழுத்தாள்.

“உன் புருஷன் எவ்வளவு குடிப்பான்?” என்று கேட்டாள். அதுதான் அவள் முதல் பேச்சு.

“ஒரு சொட்டும் தொடமாட்டார்,” என்றேன், அப்படி ஒரு நிச்சயம் என்னிடம் இல்லாவிட்டாலும்.

“நானும் அப்படித்தான் நினைத்தேன்,” என்றாள். “முந்தி இவன் இங்கேயிருந்து வந்து தன் காலில் இறங்குவான். உன் புருஷன் கூட வரத் தொடங்கிய பிறகு படகிலிருந்து இவனை இறக்கிவிட வேண்டியிருக்கிறது. உன் ஆள் குடிப்பதில்லை என்றால், அவன் கிளாஸை யார் குடிக்கிறார்கள்?”

யன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஊரில் ஆண்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்குவார்கள், அதை ஷவுட் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி. என் கணவருக்கு முன்னால் நுரையோடு ஒரு கிளாஸ் வந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார், மற்றவர்களோடு சேர்த்து உயர்த்தினார், வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தார். பேச்சு நடந்தது. நண்பனின் கிளாஸ் காலியானதும் தன்னுடையதை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார். கொஞ்சம் கையில் சிந்தியது. நண்பன் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்துக் குடித்தான். அடுத்த முறையும் அப்படியே. எனக்குச் செய்த சத்தியத்தை என் கணவர் சொட்டுக்கூடப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். என் நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அவள் முகம் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவின் முகம்.

எழுந்து நேரே பாருக்குள் போனேன். சேலையோடு ஒருத்தி வந்து நின்றதும் பேச்சுச் சத்தம் அடங்கியது.

“இஞ்சை ஏன் வந்தனீர்? போய் இரும்,” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீங்கள் குடிக்கிறதில்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

“வீட்டை போய்க் கதைப்பம்.”

“இப்ப சொல்லுங்கோ. உங்கடை பங்கையும் சேர்த்து அந்த மனிசன் குடிச்சுச் சாகப்போகுது.”

என்னை வெருண்டு பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. குடிக்காதவனைப் பப்புக்கு யார் கூட்டிக்கொண்டு போவான்? தெரிந்தால் சனிக்கிழமை போய்விடும், மறுபடியும் பூங்கா வாங்கு. இத்தனை மாதமாக அவர் ஒளித்தது என்னிடமல்ல, அவனிடம். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நகரவில்லை.

கடைசியில் அவர் நண்பன் பக்கம் திரும்பி, தான் குடிப்பதே இல்லை என்று ஆங்கிலத்தில் சின்னக் குரலில் சொன்னார்.

நண்பன் அவர் தோளில் ஓங்கித் தட்டினான். “அது எனக்கு முதல் நாளே தெரியும்! நீ குடிக்கிற ஆளென்றால் உன்னை எதற்குக் கூட்டிவரப் போகிறேன்? எனக்கு இரண்டு கிளாஸ், திரும்பிப் போகப் படகோட்ட ஓர் ஆள்!”

பாரே சிரித்தது. என் கணவரும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

திரும்பும்போது நண்பன் படகின் அடியில் லைஃப் ஜாக்கெட்டுகளின் மேல் தூங்கினான். தலை பலகையில் அடிபடாமல் அவன் மனைவி காலால் முட்டுக்கொடுத்திருந்தாள். ரோல்ஸ் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஆற்றில் வெயில் சாய்ந்திருந்தது. என் கணவர் எஞ்சின் பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் துறை தெரியத் தொடங்கியதும், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“நீர் ஆரையும் லேசிலை நம்பாதனீர். நீர் சொல்லும். அவன் பாரிலை சும்மா பகிடிக்குத்தானே அப்பிடிச் சொன்னவன்?”

“ஓம்,” என்றேன். “பகிடிக்குத்தான்.”