காதுக்காரர்

கண்ணை மூடிக்கொண்டு, வலது காதைக் கார்க் கதவில் ஒட்டவைத்து நிற்கிறார். இடது கை மேலே தூக்கியிருக்கிறது. அந்தக் கை இறங்கும்வரை பக்கத்து டயர் கடையில் சுத்தியல் விழக் கூடாது, வாடிக்கையாளர் செல்போனில் பேசக் கூடாது, காக்கைகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கரைய வேண்டும். டிரைவர் சீட்டில் அவர் மனைவி. பூட்டு சுவிட்சை அமுக்கிவிட்டு, "வந்துச்சா?" என்பார். இவர் கண்ணைத் திறக்காமலே "வருது" என்பார், இல்லாவிட்டால் "வரல" என்பார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்க் கதவு ஒருநாள் முரண்டு பிடித்தால் அவரிடம்தான் ஓடுவோம். மற்ற கடைகளில் கதவின் உள்பக்கத்து அட்டையைப் பிய்த்து, வயரையெல்லாம் குடல் மாதிரி உருவிப் போட்டுவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். இவர் யோசித்து முடித்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். கணக்கு எளிது. சுவிட்சை அமுக்கியதும் கதவுக்குள் 'டக்' என்று சின்னச் சத்தம் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. பூட்டை இழுக்கும் கம்பிதான் எங்கோ கழன்றிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கும், இல்லை மோட்டாரே போயிருக்கும். "கதவே சொல்லும் சார், நாமதான் வாய மூடிக்கிட்டுக் கேக்கணும்" என்பார். அந்த 'வாய மூடிக்கிட்டு' மட்டும் என்னைப் பார்த்துச் சொல்வது.

கழற்றும் ஸ்க்ரூக்களைத் தட்டில் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒவ்வொன்றாக மனைவியின் உள்ளங்கையில் வைப்பார். திரும்ப மாட்டும்போது எது எந்த ஓட்டைக்கு என்று பார்க்கவே மாட்டார். அந்த அம்மா நீட்டுகிற வரிசையில் முடுக்கிக்கொண்டே போவார்.

போன வாரம் என் காரின் பின்கதவு ஒன்று பூட்டவில்லை. மாமியார் உட்காரும் பக்கம். நான்தான் வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்ததால் அவசரமாகப் போனேன். வழக்கம்போல் காதை வைத்தார். டயர் கடைச் சுத்தியல் டங் டங்கென்று விழுந்துகொண்டிருந்தது. அவர் கை மேலே போகவேயில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"வந்துச்சா?"

"வரல."

இரண்டு சுத்தியலடிக்கு நடுவில், தள்ளி நின்ற எனக்கே அந்த 'டக்' நன்றாகக் கேட்டது. அந்த அம்மா மறுபடி அமுக்கினார். மறுபடி 'டக்'.

"வரலம்மா. மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். காருக்குள்ளிருந்து அந்த அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவர் ஸ்க்ரூடிரைவர் எடுக்கக் கடைக்குள் போனதும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குக் கேட்டுச்சுதானே?"

தலையாட்டினேன்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். டிவிய அலற விடறாரு. ஏங்கன்னு கேட்டா டிவி சரியில்லங்கறாரு."

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"பேச்ச எடுத்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாரு. எல்லாரும் அவர் காத நம்பித்தானே சார் வர்றாங்க? அது போச்சுன்னு ஒத்துக்கிட்டா மனுஷன் கடைய மூடிட்டு ஒரு மூலையில உக்காந்துடுவாரு. அதான் எனக்குப் பயம். அவருக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியும்ங்கறதுதான் அவருக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் எனக்கு மாமியார்மேல்கூடக் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா கீழே இறங்கி நின்றார். "ஏங்க, உக்காந்து உக்காந்து இடுப்பு புடிச்சுக்கிச்சு. கழட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சார் அமுக்கட்டும்." நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். அந்த அம்மா கிரீஸ் அப்பிய அவர் கையைப் பிடித்து, கைப்பிடிக்குக் கீழே கதவின்மேல் விரித்து வைத்தார். அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். "சும்மா இப்படி வச்சுப் பாருங்களேன்."

அமுக்கினேன். அவர் புருவம் ஏறியது. இன்னொரு முறை அமுக்கினேன்.

"வருது" என்றார். "மோட்டார் நல்லாத்தாம்மா இருக்கு. கம்பிதான் கழண்டிருக்கும்."

அப்படியேதான் இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. புதிது ஒன்றை மாட்டியதும் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டின. ஸ்க்ரூக்கள் அந்த அம்மாவின் கையிலிருந்து வரிசை தப்பாமல் வந்தன.

நான் கிளம்புவதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. அந்த அம்மா சீட்டில் ஏறிக்கொண்டார். இவர் வழக்கம்போலக் கண்ணை மூடி, காதைக் கதவில் வைத்தார்.

"வந்துச்சா?" அந்த அம்மா உரக்கக் கேட்டார்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். கண்ணைத் திறந்து, கார்க் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பிறகு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்து, கதவின்மேல் விரித்து வைத்துக்கொண்டார்.