மெழுகுவத்தி ஏற்றிய பாசிப்பருப்பு

என் மகளுக்கு முட்டையும் பாலும் ஒத்துக்கொள்ளாது. ஒன்றரை வயதில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பொட்டலத்தையும் மூன்று முறை படிக்காமல் நான் அவளுக்குத் தருவதில்லை. கடையில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை, பிரிக்கும்போது ஒருமுறை. இவ்வளவு பயம் தேவைதானா என்று என்னையே கேட்டுக்கொள்வதும் உண்டு. கேட்டுவிட்டு, நான்காவது முறை படிப்பேன்.

எங்கள் வீடுகளில் பிறந்தநாள் கேக் வெட்டுவதோடு முடிவதில்லை. வந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவராக மேசைக்குப் பின்னால் வந்து நின்று பிள்ளையின் வாயில் ஒரு துண்டு ஊட்ட வேண்டும். படம் எடுக்க வேண்டும். ஊட்டாமல் போனால் ஆசீர்வாதம் செய்யாமல் போனதுபோல.

மகளின் மூன்றாவது பிறந்தநாளை கிள்ளானில் என் மாமியார் வீட்டில் வைத்தோம். அன்று அந்த வரிசையைத் தடுத்தேன். கேக்கை வாயருகே வைத்துப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரின் பெரியம்மா மட்டும், "விரல் நுனில கிரீம் தொட்டு வச்சா என்னா ஆயிடப் போவுது? நாங்கல்லாம் பிள்ள வளக்கலையா?" என்று சிரித்துக்கொண்டே அவள் உதட்டில் தடவிவிட்டார். கால் மணி நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடினோம். மகள் தேறிவிட்டாள். மறுநாள் மாமியார் தொலைபேசியில் கேட்டார்: "நீ பக்கத்துலதான நின்ன?"

ஆமாம், பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வருடம் அந்தக் கேள்வியோடு புழுங்கினேன்.

நான்காவது பிறந்தநாள் நெருங்கியபோது ஒன்று முடிவு செய்தேன். இந்த முறை யாரையும் தடுக்கப் போவதில்லை. வரிசையில் வரும் அத்தனை பேரும் வயிறு நிறைய ஊட்டட்டும். ஆனால் ஊட்டும் பண்டத்தை நான் செய்வேன்.

"முட்டை, பால் இல்லாத கேக்கு கடைல ஆர்டர் பண்ணலாமே. ஏன் இவ்ளோ கஷ்டப்படற?" என்றார் கணவர்.

"அதே மெஷின்லதான மத்த கேக்கையும் கலக்குவாங்க?"

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டருகே உள்ள மளிகைக்கடையில் பாசிப்பருப்பும் கூலா மெலாக்காவும் வாங்கினேன். தென்னஞ்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் அந்தக் கறுப்பு வெல்லத்தின் வாசனை மகளுக்குப் பிடிக்கும். முதல் தடவை, படித்தவள் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று பருப்போடு சேர்த்தே வெல்லத்தையும் போட்டுவிட்டேன். வெல்லம் விழுந்த பிறகு பருப்பு வேகவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்தும் பல்லில் நறநறவென்று கடிபட்டது. இரண்டாவது தடவை தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டதில் அது திரிந்து எண்ணெயாக மிதந்தது. எனக்கு அழுகை வந்தது. கடையிலேயே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. மூன்றாவது தடவை பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்தேன். வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு வெல்லத்தை உருக்கி, பாகை வடிகட்டி ஊற்றினேன். தேங்காய்ப்பாலில் அரிசிமாவைக் கரைத்துச் சேர்த்து, சிறு தீயில் சட்டியை விட்டுத் திரண்டு வரும்வரை கிண்டினேன். தோள்பட்டை விட்டுப்போனது. வட்டத் தட்டில் அழுத்தி ஆறவிட்டேன். கத்தி வைத்தால் துண்டு துண்டாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். மாமியார் வீட்டு மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. இரண்டு அடுக்கு, ரோஜா நிறக் கிரீம், உச்சியில் ஒற்றைக்கொம்புக் குதிரை.

"வெட்டறதுக்கு மட்டும்தாம்மா. பாப்பாவுக்கு நீ கொண்டாந்தத குடு. வரவங்க முன்னாடி பருப்ப வெட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமியார்.

மகள் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடங்களாக மாமியார் எது சொன்னாலும் 'சரிங்க அத்தை' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றும் நாக்கின் நுனிவரை அதுதான் வந்தது.

"இந்தக் கேக்க இன்னிக்கு வெட்ட மாட்டோம் அத்தை" என்றேன். கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் வைத்துக் கதவை மூடினேன். மேசையை ஈரத்துணியால் துடைத்து என் தட்டை வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நான்கு மெழுகுவத்திகளைக் குத்தினேன்.

"அப்ப நான் ஊட்டல. என்னைக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு மாமியார் அறைக்குள் போனார்.

பாட்டுப் பாடினோம். மகள் வெட்டினாள். முதலில் வந்த மாமனார் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பருப்பு இருக்கு, சாம்பார் எங்க லா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் ஊட்டினார், அவள் தின்றாள்.

பெரியம்மாவின் முறை வந்தது. கையில் துண்டோடு என்னைப் பார்த்தார். "நான் குடுக்கலாமா, இல்ல போலீசக் கூப்புடுவியா?"

"கையக் கழுவிட்டு எவ்வளவு வேணும்னாலும் ஊட்டுங்க பெரியம்மா."

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் போய்க் கழுவிவிட்டு வந்தார். பதினோரு பேர் ஊட்டினார்கள். பன்னிரண்டாவதாக நான். மகளின் கன்னமெல்லாம் வெல்லம். கடைசித் துண்டை அவளே எடுத்துக்கொண்டு, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வாசலுக்கு ஓடினாள். அவள் பின்னால் நான் ஓடவில்லை. ஒரு விருந்தில் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது அவள் பிறந்த பிறகு அதுதான் முதல் தடவை.

மாமியார் கடைசிவரை வெளியே வரவில்லை. படங்களில் அவர் இல்லை என்பதை உறவுக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். "ஒரு ஸாரி சொல்லிடேன், முடிஞ்சிரும்" என்கிறார் கணவர். எத்தனையோ விஷயங்களுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், என் தவறே இல்லாதவற்றுக்கும். வாராவாரம் கிள்ளானுக்குப் போகிறேன், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். இதற்கு மட்டும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.