விளக்குப் போட்டால் கொம்பு

எந்த வேலையை முடித்தாலும் ஸ்டிக்கர் கடைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்து, “பெர்பெக்ட்” என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பெர்பெக்ட் என்றாகிவிட்டது. அதில் கேலி இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. கார் கண்ணாடியில் எழுத்தைக் கோணலாக ஒட்டுவார். வண்டிக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தால், “ரோடு சரிவு சார்” என்பார்.

அவர் மனைவியின் தம்பி வீடியோ கேம் கடை வைத்திருந்தான். எல்லாம் பழைய மெஷின்கள். வாசலருகே நின்ற பெரிய மெஷினுக்குள் புதிதாகக் கார் ரேஸ் போட்டிருந்தான். ஆனால் திரைக்கு மேலே, உள்ளிருந்து விளக்கு எரியும் பலகையில் இன்னும் பழைய காளை மாடுதான் முறைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், ஹெல்மெட் போட்ட தன் முகமே வர வேண்டும் என்பது அவன் ஆசை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணும் அவள் அப்பாவும் கடையைப் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“மாமா, பழைய படத்த உரிச்சிட்டுத்தானே ஒட்டுவீங்க?”

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா மச்சான்? நீ போய் சட்டைய அயர்ன் பண்ணு.”

உரிப்பது லேசான வேலை இல்லை. முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, மூலையை நகத்தால் கிளப்பி, பொறுமையாக இழுக்க வேண்டும். பிறகு அக்ரிலிக் பலகையில் தங்கிய பசையைத் தேய்த்து எடுக்க வேண்டும். பெர்பெக்ட் உட்கார்ந்து சூடு காட்டினார். நகமளவுக்கு ஒரு துண்டு வந்தது. எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது புதுக் கொள்கையோடு வந்தார்: பழசின் மேல் ஒட்டினால் புதுசுக்குப் பிடிமானம் அதிகம்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, புதுப் படத்தை நேராக நகர்த்தி வைத்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளினார். குறை சொல்லக்கூடாது, அன்று ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை. மைத்துனன் முகம் வழவழவென்று சிரித்தது. “பெர்பெக்ட்” என்றார். விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. சுவிட்ச் மெஷினுக்குப் பின்னால் இருந்தது, அதற்குக் குனிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் அப்பாவும் வந்து நின்றார்கள். பெர்பெக்டும் மனைவியும் முன்னமே வந்திருந்தார்கள். மைத்துனன் புதுச் சட்டையில் குனிந்து, அவர்களுக்காகவே அதுவரை போடாமல் வைத்திருந்த சுவிட்சைப் போட்டான். பலகை பளிச்சென்று எரிந்தது. அவன் ஹெல்மெட்டைப் பிளந்துகொண்டு இரண்டு கொம்புகள் எழுந்தன. கன்னங்களில் இன்னும் இரண்டு கண்கள் திறந்தன. மூக்கில் மாட்டின் வளையம் தொங்கியது.

பெண்ணின் அப்பா பலகையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். “தம்பிக்கு எதுக்குக் கொம்பு?”

பையன் வாயைத் திறப்பதற்குள் பெர்பெக்ட் முந்திக்கொண்டார். “டபுள் எஃபெக்ட் சார். லைட்ட அணைச்சா சாந்தம், போட்டா வீரம். இதுக்காகவே தனியா யோசிச்சுப் பண்ணது.”

“யோசிக்கவெல்லாம் இல்லங்க,” என்றாள் அவர் மனைவி. “அடியில இருந்த மாட்ட உரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே மேல ஒட்டிட்டாரு. வீட்டுலயும் அப்படித்தான். அழுக்குச் சுவத்து மேலயே பெயின்ட் அடிப்பாரு.”

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைத்துனனைக் கேட்டாள். “நெஜத்துல நீங்க எப்படி? லைட் போட்ட மாதிரியா, போடாத மாதிரியா?”

“லைட் பில்லு வர்ற அன்னிக்கு மட்டும் கொம்பு வரும்,” என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். போகும்போது, “அத மாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்” என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணமும் முடிவானது. தெருப் பிள்ளைகள் கொம்பைப் பார்க்கவே கூட்டமாக வந்தார்கள்.

பெர்பெக்ட் அதற்குப் பிறகு தரையில் நடக்கவில்லை. கல்யாணத்தை முடித்து வைத்ததே தன் கைவேலைதான் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். “லைட் ஓவிய நிபுணர்” என்று கார்டு அடித்தார். அந்தக் கார்டை நம்பிப் பல் டாக்டர் ஒருவர் வந்தார். விளக்கை அணைத்தால் சொத்தைப் பல், போட்டால் முத்துப் பல், அப்படி ஒரு பலகை வேண்டும் என்றார்.

பெர்பெக்ட் இந்த முறை நிஜமாகவே யோசித்தார், அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார், அவை அரை விரல் விலகி உட்கார்ந்தன. விளக்கைப் போட்டதும் வாய் முழுக்க இருட்டு, நடுவில் ஒரே ஒரு பல்.

“நோயாளிக்குப் பயம் வரணும்ல டாக்டர்?”

“மொதல்ல நோயாளி வரணும்,” என்ற டாக்டர், நாற்காலியில் ஏறித் தானே அதை உரிக்க ஆரம்பித்தார்.

அன்று மாலை பெர்பெக்ட் மனைவியிடம் நெடுநேரம் பேசினார். மக்களுக்கு ரசனை போய்விட்டதாம். இனி வண்டி நம்பர் பலகை மட்டும்தான் செய்வாராம்.

“அதுல எந்த லைட்டும் பின்னாடி எரியாது,” என்றபடி அவள் சாம்பாருக்கு உப்புப் போட்டாள். “நிம்மதியா ஒட்டுங்க.”