கண்ணாடிக்கு முதுகு காட்டும் ரஃபீக் பாய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடை. மச்சினர் மகள் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும். துணைக்கு ரஃபீக் பாயைக் கூட்டிப்போயிருந்தேன். கோட்டூர்புரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழ் ஃபிளாட். விமானப் பராமரிப்பு இன்ஜினீயர். நட்டு, போல்ட்டு பார்த்துப் பழகிய கண் ஆச்சே... தையல் கோணலாக இருந்தால் சொல்லிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

சட்டையைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றேன். "எப்படி இருக்கு பாய்?"

கண்ணாடியில் பார்க்கிறேன், என் பின்னால் யாருமே இல்லை! ஒரு நிமிடம் முன்னால் தோளை உரசிக்கொண்டு நின்ற மனிதர் எங்கே போனார்?

திரும்பினால், பக்கத்துச் சுவரோடு ஒட்டி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சார், இப்டி வந்து அந்தாண்ட பாத்து நில்லுங்க. நான் பின்னாடி இருந்து பாக்கறேன்."

ஒரு மூலைக்கு இழுத்துப்போய், எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். "லெஃப்ட் கையைத் தூக்குங்க... இப்ப ரைட்டு... ஆங், ஷோல்டர் கரெக்டா கீது." சேல்ஸ்மேன் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெளியே வந்து டீ சொன்னேன். "என்ன பாய், கண்ணாடின்னா பயமா?" என்று சீண்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதே பஜாரு சார். இதே மாதிரி ஒரு கடை. உங்களுக்கு பிளேன் எப்டி திரும்புதுன்னு தெரியுமா?"

தெரியாது. ஜன்னல் சீட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி நான்.

சொன்னார். இறக்கையின் பின்விளிம்பில், இரண்டு பக்கமும் கதவு மாதிரி ஒரு மடல் இருக்கும். பெரிய விமானங்களில் அதைத் தள்ளுவது பைலட்டின் கை இல்லை. கை திறந்துவிடுவது ஒரு வால்வை மட்டும்தான். குழாய்க்குள் அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெய் பாய்ந்துபோய் மடலைத் தள்ளும். வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த எதிர்ப்பு பைலட்டின் கைக்கு வராது. கைக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் ஆபத்து என்று, உள்ளே ஒரு ஸ்பிரிங்கை வைத்து எதிர்த்துத் தள்ள வைத்திருக்கிறார்கள்.

"அப்போ பைலட் கையில படுறது காத்து இல்லையா?"

"ஸ்பிரிங்கு சார். காத்து மாதிரி நடிக்கும்."

முப்பதாயிரம் அடி உயரத்தில், கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று நடிக்கிறதா?

"சின்ன பிளேன்ல இந்த டூப்பெல்லாம் கெடையாது" என்றார். ஸ்டீயரிங்கிலிருந்து எஃகு கேபிள், கப்பி, மறுபடி கேபிள், கடைசியில் மடல். சைக்கிள் பிரேக் மாதிரி நேரடி இழுப்பு. இடது பக்கம் திருப்பினால் இடது மடல் மேலே ஏறும், வலது மடல் கீழே இறங்கும், விமானம் இடது பக்கம் சாயும்.

"கேபிளை மாத்தி மாட்டிட்டா?"

"லெஃப்ட்ல திருப்புவீங்க, ரைட்ல சாயும். ஐயோன்னு இன்னும் லெஃப்ட்ல திருப்புவீங்க... இன்னும் ரைட்ல சாயும்." கையிலிருந்த டீ கிளாஸை மெல்லச் சாய்த்துக் காட்டினார். டீ விளிம்புக்கு வந்து நின்றது.

அதனால்தான் கேபிளில் கை வைத்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டியவர் ஒருவர். சரிபார்ப்பவர் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆளின் வேலையே முதல் ஆளை நம்பாமல் இருப்பதுதான். சில வருடங்களுக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு பைலட் பயிற்சிப் பள்ளியில் ரஃபீக் பாய்தான் அந்த இரண்டாவது ஆள்.

மாட்டியவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி, "லெஃப்ட்!" என்று கத்துவார். பாய் வெளியே நின்று மடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்போதும் விமானத்துக்குப் பின்னால்தான் நிற்பார். அதன் இடது, இவருடைய இடது... குழப்பமே வராது. அன்றைக்கு விமானத்துக்குப் பின்னால் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"புது ஷூ சார். நனைஞ்சிடும்னு முன்னாடி வந்து நின்னேன்."

உள்ளே இருந்து "லெஃப்ட்!" பாயின் இடது கைப்பக்கம் இருந்த மடல் அழகாக, சத்தமே இல்லாமல் மேலே ஏறியது. "லெஃப்ட் அப், கரெக்ட்!" என்றார். "ரைட்!" இவருடைய வலது பக்கம் ஏறியது. கரெக்ட்! கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் காலை மனைவியோடு பாண்டி பஜார். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இடது கையைத் தூக்கினார். கண்ணாடிக்குள் இருந்தவரும் தூக்கினார், அதே பக்கம்.

"கண்ணாடிலதான் சார் அதே பக்கம் ஏறும்! பிளேன் என்னைப் பாத்துல்ல நின்னுக்கினு இருந்துச்சு? அதோட லெஃப்ட்டு எனக்கு ரைட்ல இல்ல ஏறணும்?"

கேபிள் மாறியிருக்கிறது. இவர் நின்ற பக்கமும் மாறியிருக்கிறது. இரண்டு தப்பும் கச்சிதமாகப் பொருந்தி, சரியாகிவிட்டது.

கடைக்குள் சிக்னல் இல்லை. புதுச் சட்டையோடு வாசலுக்கு ஓடியிருக்கிறார். செக்யூரிட்டி குறுக்கே வந்து, "இன்னா சார், பில்லு போடாம எங்க போய்க்கினு கீற?" என்று காலரைப் பிடித்துவிட்டார். பிடித்தது பிடித்தபடி இருக்க, பாய் பள்ளியின் சூப்பர்வைசருக்கு போன் போட்டார். விமானம் அப்போதுதான் கிளம்பி ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பயிற்சியாளர். பக்கத்தில் ஓட்டப் பழகும் பத்தொன்பது வயதுப் பெண்.

"நிறுத்து! கேபிளு மாறிக்கீது!"

சூப்பர்வைசர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே ரேடியோவுக்கு ஓடினார். போனில் அவருடைய மூச்சு இரைப்பும், தூரத்தில் இன்ஜின் சத்தமும். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில், காலரில் ஒரு கையும் காதில் ஒரு போனுமாக நின்றார் பாய்.

சத்தம் குறைந்தது. நின்றது.

திரும்பி வந்த பெண் அழவில்லையாம், கோபப்பட்டாளாம். "நான் செக் பண்ணேன் சார். கரெக்டாதான் மூவ் ஆச்சு!" கிளம்பும் முன் பைலட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கில் கட்டை விரலை மேலே நீட்டிப் பிடித்தால், திருப்பும்போது அந்த விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மடல் ஏற வேண்டும். அவளும் விரலை நீட்டினாள், திருப்பினாள், மடல் அசைந்ததைப் பார்த்தாள். எந்தப் பக்கம் ஏறியது என்று மட்டும் பார்க்கவில்லை. ஆக, மூன்றாவது 'கரெக்ட்'.

எங்கள் ஃபிளாட் வாட்ஸப் குரூப்பில் லிஃப்ட் ரிப்பேர் முடிந்ததென்று யாரோ போட்டதும் வரிசையாகக் கட்டை விரல் காட்டினோம். லிஃப்டை எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை.

"கண்ணாடி உங்களுக்கு நல்லதுதானே பண்ணிச்சு பாய்? அதுக்குப் போய் ஏன்..."

"கண்ணாடி மேல இன்னா கோவம் சார்? உள்ள நின்னான் பாருங்க, அவன் மூஞ்சிதான். அன்னிக்கு கையைத் தூக்கினப்போ அவன் மூஞ்சில ஒரு செகண்டு அப்டியே தெம்பா ஒரு 'கரெக்ட்' நின்னுச்சு. மொத நாள் கையெழுத்துப் போட்டதும் அதே மூஞ்சிதானே?"

டீயை அவர் குடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். இடது கையைத் தூக்கினேன். அவனும் தூக்கினான். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டபடி தலையை ஆட்டினேன்.

அவனும் ஆட்டினான்... கொஞ்சம்கூட யோசிக்காமல்!