சொந்த மகளைப் பெண் பார்க்க நார்த்தாமலை போனது

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பதினான்கு வயதில் அடுத்தவர் ஆழ்குழாய்க் கிணறு போடும் போர் வண்டியில் குழாய் தூக்கினேன். இன்று கீரமங்கலத்தைச் சுற்றி எந்தத் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ந்தாலும் பாதிக்குப் பாதி அது நான் போட்ட போராகத்தான் இருக்கும். சொந்தமாக இரண்டு போர் வண்டி, மாடி வீடு, கடைவீதியில் நாலு கடை. அப்பன் விட்டுப்போனது ஒரு மண்வெட்டி மட்டும். ஈரமே இல்லை, வெறும் கல்தூசிப் புகைதான் வருகிறது, மூடிவிடலாம் என்று பெரிய பெரிய ஆட்கள் கைவிட்ட குழியில், இன்னும் நாற்பது அடி இறக்குடா என்று சொல்லித் தண்ணீரைக் கண்டவன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினியர் படிப்பு என்று கேட்ட பங்காளிகளைப் பந்தியிலேயே வைத்து வாயடைத்தவன். இதையெல்லாம் முதலில் சொல்லி வைக்கிறேன். பின்னால் வரப்போவதை மட்டும் வைத்து யாரும் என்னை எடைபோட்டுவிடக் கூடாது.

அந்தப் படிப்பைப் படித்த மகள் சுகன்யா, இருபத்தேழு வயது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறாள். ஆபீஸ் என்று ஓர் இடம் கிடையாது. நெட் கிடைக்கும் இடமெல்லாம் ஆபீஸ். மாதம் ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்குவாள். சரி, சிங்கப்பூர், இமயமலை என்று போவாள் என்று பார்த்தால், முதல் மாதம் கட்டுமாவடியில் மீன் ஏலம் பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்தது நார்த்தாமலை. சொந்த மாவட்டத்துக்குள்ளேயே எதற்கு வாடகை என்று கேட்டேன். “தூரம் முக்கியமில்லப்பா. நம்ம வீட்டுல உக்காந்தா வாரவங்க எல்லாம் எனக்கு எப்பக் கல்யாணம்னு கேக்குறாங்க. மீன்காரங்க கேக்கல” என்றாள்.

தான் எங்கே இருக்கிறாள் என்பது தெரிகிற மாதிரி என் போனில் ஒரு வசதியும் செய்து கொடுத்தாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அவள் நகர்ந்தால் புள்ளியும் நகரும். “ஒங்களுக்கு மட்டும்தாம்ப்பா. அம்மாவுக்குக்கூட இல்ல. அது ஊருக்கே சொல்லிரும்” என்று சிரித்தாள்.

நான் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கீரமங்கலத்தில் புதுக்கோட்டைப் பேருந்து ஏறினேன். சொந்தக் கார் இருக்கிறது. ஆனால் அதன் பின்கண்ணாடியில் ஒரு முழ அகலத்துக்கு என் பெயர் எழுதியிருக்கிறது. எதேச்சையாக வந்தவன் மாதிரி போய் நிற்க வேண்டியவனுக்கு அது ஆகாது. ஆலங்குடி வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். பூக்கூடைகளோடு நாலைந்து பெண்கள் ஏறினார்கள். வண்டி முழுக்க முல்லை வாசம். எனக்கு மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

ஏனென்றால் நான் போன காரியம் அது. எங்கள் பக்கத்தில் முறையாகத் தட்டெடுத்து வருவதற்கு முன்னால், பெண்ணுக்குத் தெரியாமல் கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவது உண்டு. பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. புதுக்கோட்டையில் ஒரு நல்ல குடும்பம். பையன் வங்கியில் வேலை. பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஊர் ஊராகப் போகிற பெண்ணை எந்தக் கோயிலில் வைத்துப் பார்ப்பது? அதற்குத்தான் என் மூளை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் அந்தப் புள்ளியைப் படம் பிடித்துப் பையனின் அப்பாவுக்கு அனுப்பினேன். இப்ப மலை ஏறுறா. இப்பக் கடைக்கு இறங்குறா. வியாழக்கிழமை நானும் வருகிறேன், மலையடிவாரத்தில் எதேச்சையாகச் சந்திப்பது போல வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. படிக்காதவன் போனை இப்படிப் பழகியிருக்கிறானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழரைக்குப் புதுக்கோட்டை. நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லியும் ஒரு வடையும் தின்றுவிட்டுத் திருச்சி வண்டி பிடித்தேன். பதினேழு கிலோமீட்டர். நார்த்தாமலை விலக்கில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். சாலையின் இரு பக்கமும் மண்ணைவிடப் பாறைதான் அதிகம். இந்தத் தரையில் போர் போடுவதென்றால் கல்லைத் துளைக்கிற பிட் ஒன்றுகூடத் தாங்காது என்று என் தொழில்பெருமையை எடுத்து விட்டேன். ஓட்டுநர் காதில் வாங்காமல், யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

“அட, அந்த லேப்டாப்புப் பிள்ளையோட அப்பாவா? தினம் விடியக்காலையில மலைக்குப் போகுமே. ரெண்டு நாளா ஆளையே காணோம்ங்க. ஒடம்பு சரியில்லையா?”

“வேலை அதிகமா இருக்கும்” என்றேன். புதன்கிழமை புள்ளி நகரவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் சார்ஜில் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் மாடி அறை. கதவைத் தட்டினேன். யாரது என்று உள்ளேயிருந்து கேட்டவள், என் குரலைக் கேட்ட பிறகுதான் தாழைத் திறந்தாள். முகம் வாடியிருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாள், திருச்சியில் வேலை என்று சொல்ல வேண்டும் என நினைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. “நல்லவேளை வந்தீங்க. வாங்கப்பா, மலைக்குப் போயிட்டு வருவோம். ஒங்களோடன்னா போலாம்” என்றாள்.

மேலமலை ஏறுவதற்குப் படிக்கட்டு என்று பெரிதாக இல்லை. பாறையின் முதுகிலேயே நடக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டால் கால் சுடாது. வழியில் ஒரு சுனை. அங்கே நின்றுதான் சொன்னாள்.

“ஒரு வெள்ளைக் கார்ப்பா. திங்கக்கெழமை காலையில இங்கிட்டு அடிவாரத்துல நின்னுச்சு. சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போறேன், அங்கயும் நிக்குது. செவ்வாக்கெழமையும் அதே மாதிரி. கண்ணாடிய இறக்கி ஒரு ஆளு என்னையப் போட்டோ எடுக்குறாரு. நான் எப்ப எங்கிட்டுப் போவேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் குனிந்து சுனைத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன்.

“லேப்டாப்புக்குள்ள யாரோ பூந்துட்டாங்களோன்னு எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்துனேன். ராத்திரி நாற்காலியக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் படுத்தேன். என் எடம் யார் யாருக்குக் காட்டுதுன்னு தேடிப் பாத்தேன். ஒங்க பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. அது பரவாயில்ல.”

அது பரவாயில்லை என்றாள். ஆயிரம் அடிக்குக் கீழே கல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்த இடத்தில் நாக்கு எழவில்லை. இப்போது சொல்லிவிடலாம், இல்லை, மேலே போய்ச் சொல்லலாம், இறங்கும்போது சொல்லலாம் என்று மனது தள்ளிப்போட்டது. “நான் பாத்துக்கிறேன் ஆத்தா” என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது எனக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

மேலே விஜயாலய சோழீச்சுரம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய கோயில் இல்லை. ஆனால் பாறைமேல் அது உட்கார்ந்திருக்கும் இருப்பைப் பார்த்தால் பேச்சு வராது. உள்ளே கருவறை வட்டம், வெளியே சதுரம், சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னதிகள். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். ஒன்றின் முன்மண்டபத்தில் வரிசையாக ஆளுயரப் பெருமாள்கள். கூட்டமில்லை, உண்டியல் சத்தமில்லை, காற்று மட்டும். “இங்கன உக்காந்துதான் காலையில என் வேலைய யோசிப்பேன். ஒரு மணி நேரம் யாருக்கும் நான் யாருன்னு தெரியாது” என்றாள். பெருமாள்களின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இறங்கும்போது பத்து மணி இருக்கும். அடிவாரத்தில் வெள்ளைக் கார் நின்றது. சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் மாட்டு வண்டிக்குப் பயந்து பிடித்த பிறகு இப்போதுதான் பிடிக்கிறாள். காரிலிருந்து முட்டியைத் தாங்கியபடி ஓர் அம்மாள் இறங்கினார். பையனின் அத்தை. நல்ல மனுஷி, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

“வாங்க சம்மந்தி. முட்டிவலிங்க, மலை ஏற முடியல. இங்கனயே காத்துக்கிட்டு இருக்கோம்.” பிறகு மகளைப் பார்த்தார். “இதான் பொண்ணா? செவ்வாக்கெழமை நீலச் சுடிதார்ல தூரத்துல பாத்தது. கிட்டத்துல இன்னும் லட்சணமா இருக்கு. நேத்துப் பூராம் வெளிய வரவே இல்லையே ஆத்தா? ஒங்கப்பா அனுப்புன படத்துலயும் வீட்டுலயேதான் இருக்குன்னு காட்டுச்சு.”

என் கையிலிருந்து அவள் கை போய்விட்டது.

அவள் கத்தவில்லை. அந்த அம்மாளிடம், “வெயில்ல நிக்காதீங்க அத்தை, காருக்குள்ள உக்காருங்க” என்றாள். தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்னைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்று நானே ஆரம்பித்தேன்.

“அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதது பெருசில்லப்பா. சுனைக்கிட்ட வச்சுச் சொன்னேன்ல, பயந்து கெடந்தேன்னு. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“சொல்லணும்னுதான்...”

“நான் எங்க இருக்கேன்னு ஒருத்தர்கிட்டச் சொல்றதா வேணாமான்னு நாந்தாம்ப்பா முடிவு பண்ணணும். ஒங்ககிட்டச் சொல்லலாம்னு முடிவு பண்ணுனேன்.” போனை எடுத்து எதையோ அழுத்தினாள். “இனிமே இல்ல. பாத்துப் போங்க.”

மாப்பிள்ளை வீட்டாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன், பிள்ளைக்குத் தெரியாமல் நான் செய்த வேலை இது, மன்னிச்சுக்குங்க என்று. அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குங்க. எடத்தக் காட்டுறது ஒங்க பொண்ணுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்” என்றார். புதுக்கோட்டை வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றார்கள். நான் ஏறவில்லை. விலக்கு வரை நடந்தேன். பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. பேருந்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். வரைபடத்தில் சாலை இருந்தது, ஊர் இருந்தது, மலை இருந்தது. அவள் இல்லை.

அடுத்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, சுகர் மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். எந்த ஊர் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை, கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். பொண்ணு எங்கப்பா இருக்கு என்று கடைவீதியில் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். நாலு பேர் நடுவில் தெரியாது என்று சொல்வது எனக்குப் புதுப் பழக்கம். சொல்லும்போது காது சுடுகிறது.

எங்கேயிருந்தும் வேலை பார்த்து, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வாழ்வதைப் பற்றி அவள் நெட்டில் எழுதுகிறாளாம். எங்கள் வண்டி சூப்பர்வைசர் வாசித்துக் காட்டினார். இந்த வாழ்க்கையை நானாகத் தேடிக்கொண்டேன் என்று ஒரு வரி வருகிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிக்க வைத்தது நான், முதல் லேப்டாப் வாங்கிக் கொடுத்தது நான், பங்காளிகளோடு மல்லுக்கு நின்றது நான். வீட்டு மனிதரிடமிருந்தும் மறைந்து இருந்தால்தான் நிம்மதி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான். முதலில் சொன்னவற்றுக்கு என் பெயரைப் போடட்டும். கடைசியாகச் சொன்னதற்கும் போடட்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டால் அது பொய்க்கணக்கு.