கடை விற்காத பாட்டு

பொலிவியாவில் காமெசுகே ஐயாவைப் பார்த்துக்கொள்ளும் நெலிடா, அவருடைய மரத்துப்போன கால்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடக்காவிட்டால் இனி படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரோ, தான் பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவின் மேளப் பாட்டு கேட்டால்தான் எழுந்திருப்பேன் என்றார். அந்தப் பாட்டு இருந்த பழைய கேசட்டின் நாடா அறுந்துவிட்டது. இணையத்திலிருந்த ஜப்பானியக் கடை, பொலிவியாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாட்டை விற்பதில்லை என்றது.

“காசு குடுத்தாலும் வேண்டாம்ங்கிறான்! இதெல்லாம் ஒரு கடையா?”

“கத்தாதீங்க ஐயா. ஜப்பான்ல, யோகோஹாமாவுல உங்க மக எதுக்கு இருக்கா?”

நெலிடா கேட்டதும், அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எமிகோ உடனே பாட்டை வாங்கினாள். ஆனால் பிறருக்கு அனுப்ப முடியாதபடி கடை பூட்டியிருந்ததால், அது அவள் கைபேசியைத் தாண்டி வர மறுத்தது. சமைத்தபடியே பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, குரல்பதிவாக அனுப்பிவைத்தாள். மேளத்துக்கு நடுவே சூப் கொதித்தது, எமிகோவும் கைதட்டினாள்.

“கழுதை, அவ கைதட்டுறதுல தாளம் தப்புது பாரு! இன்னொரு தடவை போடு” என்றார் அவர்.

அந்தக் கழுதைக்கு நெலிடா மனதார நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை, பதிவை ஓடவிட்டதும் அவர் நெலிடாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கோழிக்கூடு வரை நடந்தார். அங்கே மூச்சு வாங்கியபடி, “நடந்துட்டேன்மா எமிகோ, நல்லா இரு” என்று அவர் சொன்னதை நெலிடா பதிந்து அனுப்பினாள்.